வீட்டு மீன் குளத்துக்கு நாமே கட்டும் உயிரி வடிகட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்றத்திலோ மொட்டை மாடியிலோ 1,000 முதல் 5,000 லிட்டர் வரை கொள்ளும் சிமென்ட் தொட்டி கட்டி, தங்கமீன், கோய் போன்ற அலங்கார மீன்களை வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. பெரும்பாலோர் முதலில் கேட்பது, "என் குளம் இத்தனை லிட்டர், எவ்வளவு பெரிய வடிகட்டி வேண்டும்?" என்பதைத்தான். கணக்கை அங்கே தொடங்கினால் விடை தவறாகத்தான் வரும். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி போடுகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பல இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

உயிரி வடிகட்டி என்றால் என்ன? பஞ்சு வைத்து வடிகட்டினால் போதாதா?

பஞ்சு கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடிக்கும். மீனைக் கொல்லும் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. மீன் தின்ற தீனியில் உள்ள புரதம் செரித்தபின் மிஞ்சுவது அம்மோனியா. அதன் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடுகிறது. கரைந்த பொருளை எந்தத் துணியும் பஞ்சும் பிடிக்காது.

அதைப் பிடிப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை (நைட்ரோசோமோனாஸ் அவற்றில் பேர்பெற்றது) அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, முக்கியமாக நைட்ரோஸ்பைரா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் அளவு மீறாதவரை மீனுக்குத் தீங்கில்லை, செடிக்கு உரம். செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற அறிஞர் 1890 வாக்கில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். இவை மண்ணிலும் ஆற்றிலும் குளத்திலும் இயல்பாகவே இருப்பவை. இவை ஒட்டி வாழ நிறையப் பரப்பும், தடையில்லாத ஆக்சிஜனும், ஓடும் தண்ணீரும் கொடுப்பதற்குப் பெயர்தான் உயிரி வடிகட்டி.

தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மீன் சாகிறதே?

தெளிவுக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீன் சாகும் அளவில்கூட மூக்குக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் கருவி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. சென்னையில் கொளத்தூர் போனால் இதற்கென்று அலைய வேண்டியதே இல்லை. அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஆகிய மூன்றுக்கும் சோதனை கட்டாயம் வேண்டும்.

பிஎச் ஏன் என்றால், அம்மோனியாவில் எவ்வளவு பங்கு நஞ்சாகும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தண்ணீர் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சான வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். பிஎச் 9 ஆனால் ஏறக்குறைய பாதி. வெயிலில் பாசி பிடித்த குளத்தில் பிற்பகலில் பிஎச் 9-ஐத் தொடுவது சாதாரணம். காலையில் சோதித்து "எல்லாம் சரி" என்று விட்டுவிட்டு, மாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள், மதியம் 3 மணிக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

சரி, எவ்வளவு பெரிய வடிகட்டி வேண்டும்?

ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 35 சதவீதம் புரதம் உள்ள தீனி 1 கிலோ போட்டால், சுமார் 32 கிராம் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை) உருவாகும். அதாவது 100 கிராம் தீனிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். நன்றாக ஊறிப் பழகிய வடிகட்டியில் 1 சதுர மீட்டர் பரப்பு ஒரு நாளைக்கு 0.2 கிராமைச் சமாளிக்கும் என்று எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம். ஆக, தினமும் போடும் 100 கிராம் தீனிக்கு 16 சதுர மீட்டர் பரப்பு தேவை. சதுர அடியில் 170. ஒரு நடுத்தரப் படுக்கையறையின் தரையளவு. அந்தத் தரையைச் சுருட்டி ஒரு பீப்பாய்க்குள் வைப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 2,000 லிட்டர் குளம்தான். முதல் வீட்டில் 100 கிராம் எடையுள்ள தங்கமீன் 10. மொத்தம் 1 கிலோ. உடல் எடையில் 1.5 சதவீதம் தீனி என்றால் நாளுக்கு 15 கிராம். தேவையான பரப்பு 2.4 சதுர மீட்டர். 20 மி.மீ. ஜல்லி 1,000 லிட்டர் அளவில் ஏறக்குறைய 100 சதுர மீட்டர் பயனுள்ள பரப்பு தரும். அந்தக் கணக்குப்படி 24 லிட்டர் ஜல்லி போதும். பாதுகாப்புக்கு இரண்டு மடங்காக்கினால் 50 லிட்டர்.

இரண்டாவது வீட்டில் அரைக் கிலோ கோய் 8. மொத்தம் 4 கிலோ, தீனி 60 கிராம். பரப்பு கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர், ஜல்லி 100 லிட்டர், பாதுகாப்போடு 200 லிட்டர். ஒரே அளவுக் குளம், வடிகட்டி நான்கு மடங்கு. இதற்கு மேல் கோய் வளரும் மீன். இன்று அரைக் கிலோ இருப்பது நல்ல தீனியில் சீக்கிரமே 1 கிலோவைத் தாண்டும். ஆகவே இன்று இருக்கும் மீனுக்குக் கட்டாமல், இந்தக் குளத்தில் எத்தனை கிராம் தீனிக்கு மேல் போகமாட்டேன் என்று ஒரு வரம்பு வகுத்து, அதற்குக் கட்டுங்கள். அந்த எண்ணைத் தீனி டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வீட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடி போடுவது அப்போதுதான் நிற்கும்.

வடிகட்டிக்குள் எதைப் போடலாம்?

பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் பொருளை மீன் வளர்ப்பவர்கள் "மீடியா" என்பார்கள். கைக்கு எட்டும் மலிவான பொருட்களே நன்றாக வேலை செய்கின்றன.

கருங்கல் ஜல்லி எங்கும் கிடைக்கும், ஆனால் கனமானது, கழுவ முதுகு ஒடியும். மங்களூர் ஓட்டை உடைத்துச் சில்லாக்கிப் போடலாம். நுண்துளைகள் உண்டு, எடையும் குறைவு. உடைந்த செங்கல்லும் ஆகும், ஆனால் நன்கு வெந்ததாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கல் சில மாதங்களில் கரைந்து செம்மண் குழம்பாகிவிடும். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று வந்தால் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்ச்சுருள் (உலோகச் சுருள் வேண்டாம், சோப்பு ஊறியதும் வேண்டாம்) ஒன்று. பழைய நைலான் மீன் வலை மற்றொன்று. கடலோர ஊர்களில் கிழிந்த வலையைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். தண்ணீர் பாட்டில் மூடிகள் சேர்த்துவைத்திருந்தால் அவையும் உதவும், ஆனால் கவிழ்ந்து கிடக்கும் மூடிக்குள் காற்றும் அழுக்கும் அடைபடும். நடுவில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் கே1 என்று விற்கும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் வாங்கலாம். 1,000 லிட்டர் அளவில் 500 சதுர மீட்டர் பரப்பு உண்டு, அதாவது ஜல்லியைப் போல ஐந்து மடங்கு. காற்றால் புரண்டுகொண்டே இருப்பதால் அடைத்துக்கொள்ளாது.

தேங்காய் நார் மட்டும் வேண்டாம். அழுகி, நாம் நீக்க நினைக்கும் அழுக்கை அதுவே சேர்க்கும். சலவைக்கல் துண்டுகளும் வேண்டாம், அவை பிஎச் அளவை ஏற்றும். சந்தேகமான கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து நுரைக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பீப்பாய் வைத்து எப்படிக் கட்டுவது?

200 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு வேண்டும். முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேட்டே வாங்குங்கள். உணவுப் பொருள் வந்ததாக இருக்க வேண்டும். பூச்சிமருந்தோ அமிலமோ வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் பீப்பாய் அழுக்கு படிவதற்கு. இரண்டாவதுதான் உயிரி வடிகட்டி. முதலாவதைத் தவிர்க்கவே கூடாது. மீன் கழிவும் தின்னாத தீனியும் நேரே மீடியாவில் போய் அடைந்தால், அதைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி, மேலே போர்வை விரித்து, ஆக்சிஜனையும் குடித்துவிடும். அம்மோனியாவை மாற்றும் நம்முடைய பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. அந்தப் போட்டியில் அவை தோற்றுப்போகும்.

முதல் பீப்பாயில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மோட்டாரிலிருந்து வரும் 25 மி.மீ. குழாயை நுழைக்கவும். உள்ளே ஒரு எல்போ மாட்டி, வாயைப் பீப்பாயின் சுவரோரமாகத் திருப்பிவிட்டால் தண்ணீர் மெல்லச் சுழலும். சுழலும் தண்ணீரில் கனமான அழுக்கு நடுவே கூடி அடியில் இறங்கும். மேலே, விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே 63 மி.மீ. குழாய் வழியாகத் தண்ணீர் வெளியேறட்டும். அந்த வாய்க்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் நைலான் வலையைத் திணித்துத் தொங்கவிட்டால் நுண்ணிய அழுக்கும் அங்கே நின்றுவிடும். அடியோரத்தில் 40 மி.மீ. பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு). பீப்பாயை அந்த வால்வுப் பக்கம் மிக லேசாகச் சாய்த்து நிறுத்துங்கள்.

முதலாவதிலிருந்து வரும் குழாய், இரண்டாவது பீப்பாய்க்குள் அடிவரை இறங்க வேண்டும். அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, பக்கங்களில் சன்னல்கள் வெட்டி, மேலே பிளாஸ்டிக் கிரில் போட்டு, அதன்மேல் மீடியாவைக் கொட்டுங்கள். தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி மீடியா முழுவதையும் நனைத்துக்கொண்டு போகும். கிரில்லுக்குக் கீழே இரண்டு காற்றுக்கற்கள் (காற்று பம்பின் காற்றைக் குமிழிகளாக விடுபவை), அடியோரம் இன்னொரு பால் வால்வு, மேலே குளத்துக்குத் திரும்பும் குழாய். திரும்பும் குழாய் 63 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 75 என்றால் நல்லது. உள்ளே தள்ளுவது மோட்டார், வெளியே போவது தானாக வழிந்து. வாய் சிறிதாக இருந்தால் பீப்பாய் நிரம்பி வழிந்து குளம் காலியாகும்.

முதல் பீப்பாய் இரண்டாவதைவிட ஒரு செங்கல் உயரமாக நிற்க வேண்டும். நிரம்பிய பீப்பாய் 200 கிலோவைத் தாண்டும், ஜல்லி போட்டால் இன்னும் அதிகம். மேடை உறுதியாக இருக்கட்டும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் உத்தரத்தின் மேல் வைக்கவும், ஜல்லியைத் தவிர்த்து பிளாஸ்டிக் மீடியா போடவும். குழாய் நுழையும் இடங்களில் டேங்க் நிப்பிளை இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து முறுக்கினாலே கசியாது. பசையை நம்பி ஓட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டாம், பீப்பாய்ப் பிளாஸ்டிக்கில் பசை நிற்பதில்லை.

எவ்வளவு திறனுள்ள மோட்டார் வாங்க வேண்டும்?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீர் முழுவதும் வடிகட்டியைக் கடக்க வேண்டும். கோய் நிறைய இருந்தால் ஒரு மணிக்கு ஒருமுறை. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயர்த்தாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றினால் பல மோட்டார்கள் பாதிதான் தரும். கட்டி முடித்ததும் திரும்பும் குழாயின் கீழே 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2,000 லிட்டர்.

மோட்டாரைக் குளத்தின் அடித்தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால், என்றாவது குழாய் கழன்று தண்ணீரெல்லாம் வெளியே போனாலும் மீனுக்குக் கொஞ்சம் மிஞ்சும். இதைவிட முக்கியமானது மின்சாரம். தண்ணீருக்குள் கை வைக்கும் இடம் இது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை அந்த இணைப்பில் கட்டாயம் பொருத்துங்கள். எர்த் இல்லாத பிளக்கில் மோட்டாரை மாட்டாதீர்கள். குளத்தில் கை விடும் முன் சுவிட்சை அணைப்பதை வீட்டில் அனைவருக்கும் பழக்குங்கள்.

கரண்ட் பில் ஏறுகிறது. இரவில் மோட்டாரை நிறுத்திவைக்கலாமா?

கூடாது. இரவுதான் அது ஓடியே ஆக வேண்டிய நேரம்.

பாக்டீரியா 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4.5 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன இரண்டாவது வீட்டில் 60 கிராம் தீனிக்கு வடிகட்டி மட்டும் நாளுக்கு கிட்டத்தட்ட 9 கிராம் ஆக்சிஜன் குடிக்கும். 30 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 2,000 லிட்டர் குளம் முழுவதும் நிறைந்திருந்தாலும் 15 கிராம். மீன்களின் மூச்சு தனி. இரவில் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை விடுவதில்லை, எடுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. விடியற்காலையில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன் செத்துக் கிடப்பதைக் காலையில்தான் பார்க்கிறோம் என்பதற்குக் காரணம் இதுவே.

40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் 1 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாத ரீடிங்கில் 60 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதைவிடக் குறைந்த வாட்டில் அதே தண்ணீர் தரும் மோட்டாரைத் தேடி வாங்குவதுதான் சிக்கனம்.

மின்வெட்டு வந்தால்?

ஒன்றிரண்டு மணி நேரம் கவலையில்லை. நேரம் நீளும்போது பீப்பாய்க்குள் நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியா முடங்கி, வேறு வகை தலைதூக்கும். அவை உண்டாக்கும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. கொடிய நஞ்சு. நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போனால், வந்தவுடன் மோட்டாரைப் போடாதீர்கள். இரண்டு பீப்பாய்களின் அடி வால்வையும் திறந்து தேங்கிய தண்ணீரைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, பிறகு ஓட்டுங்கள். இன்வெர்ட்டரில் மோட்டாரை இணைக்க முடியாவிட்டாலும் 5 வாட் காற்று பம்பையாவது இணைத்துவிடலாம். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த நேரத்தில் தேவை காற்றுதான். புயல் எச்சரிக்கை வந்த நாளில் தீனியையும் நிறுத்திவிடுங்கள்.

பீப்பாய்க்குப் பதில் வேறு வடிவம் உண்டா?

உண்டு. காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மீடியா நிரப்பி, மேலிருந்து துளையிட்ட குழாயால் தண்ணீரைத் தூவலாம். மீடியா தண்ணீரில் மூழ்காமல் நனைந்துகொண்டே இருப்பதால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. கத்திரி வெயிலில் தண்ணீரைச் சற்றுக் குளிர்விக்கவும் செய்யும். நம்முடைய வெப்பத்துக்கு மூழ்கிய பீப்பாயைவிட இது பொருத்தமானது என்பதே என் கருத்து. சலசலவென்று ஓசை இருக்கும், தண்ணீர் ஆவியாவதும் கூடும். மின்வெட்டில் நாற்றம் பிடிக்காது, ஆனால் நாள் முழுக்கக் காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும், அவ்வப்போது ஒரு குவளை குளத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். முதல் பீப்பாய் இதற்கும் தேவை.

கட்டியாயிற்று. எப்போது மீன் விடலாம்?

வடிகட்டி ஓடத் தொடங்கிய நாளில் அது வெறும் ஜல்லிப் பீப்பாய்தான். 28, 30 டிகிரி வெப்பத்தில் பழக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். முதலில் சில சிறிய மீன்களை விட்டு, வழக்கமான தீனியில் கால் பங்கு போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் இறங்க அதிக நாள் பிடிக்கும், பொறுமை போவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அப்படியே நின்றால், தீனியைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். இடையில் அம்மோனியா கூடினால் தீனியை நிறுத்திவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

சீக்கிரம் வேண்டுமென்றால், நன்றாக ஓடும் வேறொருவர் குளத்து மீடியாவில் இரண்டு கைப்பிடி வாங்கி வந்து, உலரவிடாமல், குளத்துத் தண்ணீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுவந்து உங்கள் மீடியாவோடு கலந்துவிடுங்கள். அவருடைய மீன்களுக்கு நோய் இல்லை என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பாக்டீரியா பாட்டில், இ.எம். கரைசல், வெல்லம் இவற்றை ஊற்றலாமா?

இ.எம். எனப்படும் திறன்மிகு நுண்ணுயிரிக் கரைசலில் இருப்பவை வேறு வகை உயிர்கள். அவை கழிவை மட்கவைக்கும், நைட்ரோசோமோனாஸ் செய்யும் வேலையைச் செய்யா. கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டில்களில் சில உதவும், சில உதவாது. பழைய மீடியாவுக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

வெல்லம் சேர்ப்பது பயோஃப்ளாக் முறை. அங்கே சர்க்கரையைத் தின்று பெருகும் பாக்டீரியாக்களைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு அம்மோனியாவை அவற்றின் உடலாக மாற்றுகிறார்கள், இரவு பகலாகப் பலத்த காற்றடிக்கிறார்கள். அது முழுமையான தனி முறை. அதிலிருந்து வெல்லத்தை மட்டும் எடுத்து நம் பீப்பாயில் ஊற்றினால் மீடியா கொழகொழவென்று அடைத்து, ஆக்சிஜன் போய்விடும்.

வடிகட்டியை எப்படிக் கழுவுவது?

முதல் பீப்பாயின் அடி வால்வை இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை நிமிடம் திறந்துவிடுங்கள். முதலில் கறுப்பாகவும், பிறகு தெளிந்தும் வரும். தெளிந்ததும் மூடலாம். வலைக் கூடையை வாரம் ஒருமுறை உதறிக் கழுவலாம்.

இரண்டாவது பீப்பாயில் கை வைக்கும் ஆசையை அடக்குங்கள். மீடியாவின் மேல் படியும் பழுப்பு நிறப் பிசுபிசுப்பு அழுக்கு இல்லை. அதுதான் வடிகட்டி. நல்ல நிலையில் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். தண்ணீர் ஏறுவது தடைப்பட்டால் மட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை, மீடியாவில் பாதியை எடுத்து, குளத்துத் தண்ணீர் நிரப்பிய வாளியில் இரண்டு முறை முக்கி எடுத்துப் போட்டுவிடுங்கள். மீதிப் பாதி அடுத்த மாதம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளவென்று திரும்பக் கொட்டினால் ஐந்து வாரக் கதை முதலிலிருந்து தொடங்கும்.

வடிகட்டி நன்றாக ஓடியும் தண்ணீர் பச்சையாக இருக்கிறதே?

உயிரி வடிகட்டி பச்சையை நீக்காது. மிதக்கும் பாசிக்கு வெயிலும் நைட்ரேட்டும் வேண்டும், நைட்ரேட்டை வடிகட்டியே தயாரித்துக் கொடுக்கிறது. குளத்துக்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை கட்டுங்கள், அல்லி வையுங்கள். திரும்பும் தண்ணீரை ஒரு நீளத் தொட்டியில் ஜல்லியில் நட்ட கல்வாழை, வெட்டிவேர், சேம்பு வழியாக ஓடவிட்டால் நைட்ரேட்டை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஆகாயத்தாமரை வேகமாக உறிஞ்சும், ஆனால் அதைக் கால்வாயிலோ ஏரியிலோ எறிந்துவிட்டால் ஊருக்கே தொல்லை. வேண்டாம். வாரம் 10 சதவீதத் தண்ணீரை எடுத்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடுவது எல்லாவற்றையும்விட எளிது.

புதிய சிமென்ட் தொட்டியை உடனே பயன்படுத்தலாமா?

புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசியும், பிஎச் 10-ஐக்கூடத் தாண்டும். மீனும் பாக்டீரியாவும் தாங்கா. தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் பத்து நாள் ஊறவைத்து, கொட்டிக் கழுவி, மீண்டும் நிரப்புங்கள். பிஎச் 8.5-க்குக் கீழே வந்து நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதன் பிறகே பீப்பாயை இணையுங்கள்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் விடலாமா?

குளோரின் போகும்படி ஒருநாள் திறந்த தொட்டியில் காற்றுக்கல் போட்டு வைத்துவிட்டு விடலாம். அவசரமென்றால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட், 1,000 லிட்டருக்கு 10 கிராம்.

நன்றாக ஓடிய வடிகட்டி ஐப்பசி மழைக்குப் பிறகு வேலை செய்யவில்லை. ஏன்?

பெரும்பாலும் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்திருக்கும். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டைச் செலவழிக்கிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராம். 60 கிராம் தீனி போடும் 2,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு தினமும் ஏறக்குறைய 7 மில்லிகிராம் கரைந்துகொண்டே போகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நிறைய இருக்கும், மாதக்கணக்கில் கவலையில்லை. மழைத் தண்ணீரில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. மழைக்காலத்தில் குளம் நிரம்பி வழிந்து பாதித் தண்ணீர் மாறிவிட்டால், சில நாட்களில் பிஎச் சரிந்து, 6.5-க்குக் கீழே போனதும் பாக்டீரியா சோர்ந்துவிடும்.

ஒரு கிலோ கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி இரண்டாவது பீப்பாயில் போட்டுவைத்தால், பிஎச் இறங்கும்போது தானே கரைந்து ஈடுகட்டும். உடனடித் தேவைக்கு ஆப்ப சோடா. இதே குளத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 40 கிராம், ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். ஊற்றும் முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். அது அதிகமாக இருக்கும்போது பிஎச் அளவைச் சட்டென்று ஏற்றினால், தீங்கில்லாமல் இருந்த அம்மோனியா நஞ்சாக மாறிவிடும். முதலில் தண்ணீரை மாற்றி அதைக் குறைக்க வேண்டும்.

நைட்ரைட் ஏறிவிட்டது, செவுள் பழுப்பாகத் தெரிகிறது. என்ன செய்வது?

நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. கல்லுப்பு 1,000 லிட்டருக்கு 1 கிலோ கரைத்து விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். தீனியை நிறுத்திக் காற்றைக் கூட்டுங்கள். உப்பு நைட்ரைட்டை நீக்காது, மீனைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும்.

மீனுக்கு நோய் வந்தால் குளத்திலேயே மருந்து போடலாமா?

தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். மெத்திலீன் நீலமும், பல ஆன்டிபயாடிக் மருந்துகளும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் வடிகட்டியின் பாக்டீரியாவையும் கொல்லும். நோயிலிருந்து தப்பிய மீன் அம்மோனியாவில் போகும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லலாமா?

வளர்ந்த தங்கமீனும் கோயும் ஒரு வாரம் பத்து நாள் தீனியில்லாமல் இருக்கும். அந்த நாட்களில் வடிகட்டிக்கும் ஒன்றும் ஆகாது. அன்போடு அள்ளிப் போடும் கையால்தான் ஆபத்து. மனம் கேட்கவில்லை என்றால், ஒரு வேளைக்கு உரியதைத் தனித்தனிக் காகிதப் பொட்டலங்களாக மடித்துக் கொடுத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டுப் போங்கள்.

பீப்பாய்களில் கொசு வராதா?

குளத்தில் மீன் இருப்பதால் புழு தங்காது. பீப்பாயில் மீன் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் முதல் பீப்பாயின் மேற்பரப்பு ஓரங்களில் அசைவு குறைவு. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அந்த இடம் போதும். இரண்டு பீப்பாய்களின் வாயிலும் கொசுவலைத் துணியை இழுத்து, டியூப் வளையம் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியால் இறுக மூடிவிட்டால் காற்று போகாது, வலைதான் சரி. வால்வைத் திறந்துவிடும் இடத்திலும் தண்ணீர் குழியாகத் தேங்காமல், செடிப் பாத்திக்கு நேரே ஓடும்படி வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.